கல் முகமும் காமிராக் கண்ணும்

“படம் எடுக்காதே, தம்பி! சாமிக்கு ஆகாது!”

குரல் வந்த திக்கில் திரும்பினோம். காவற்காரப் பெரியவர். கையிலே கோல், நெற்றியிலே நீறு, முகத்திலே சினம். எதிரே நின்றவர் தேவதானத்து இளந்தோழர், நூற்பாலைத் தொழிலாளியின் மகன், கல்லூரி மாணவர். அவர் கையிலே இருந்தது வெட்டரிவாள் அல்ல, கைப்பேசி. அவர் குறி பார்த்ததும் கருவறையை அல்ல. வெளி மண்டபத்துத் தூணிலே, நூற்றாண்டுகளாகப் புன்னகை மாறாது நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தை.

“ஐயா, நான் சாமியை எடுக்கவில்லை. தூணில் இருக்கிற இந்த அம்மாவைத்தான் எடுக்கிறேன்” என்றார் தோழர்.

“தூணும் சாமிதான், துரும்பும் சாமிதான். வெளியே போ!”

வெளியே வந்தோம். வேப்பமர நிழலில் அமர்ந்தோம். அரைமணி நேரம் சென்றிருக்கும். வந்து நின்றது பெரியதொரு கார். இறங்கினார் செல்வர் ஒருவர், மணமக்களோடு. பின்னே இறங்கின காமிராக்கள் மூன்று; அவற்றின் பின்னே கண்ணைப் பறிக்கும் விளக்குகள். அதே பெரியவர் ஓடோடி வந்தார். கதவை அகலத் திறந்தார். அதே தூணின்மீது சாய்ந்து நின்றனர் மணமக்கள். ஒளி பாய்ந்தது. படம் விழுந்தது. சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை!

அந்தப் பெரியவரை நாம் குறை கூறவில்லை. அவர் வாங்குவது கூலி. சொல்வது பிறர் சொல்லிக் கொடுத்த பாடம். கோயிலின் பெயரையும் நாம் கூறவில்லை. ஒரு கோயிலோடு முடிகிற கதையா இது? நாம் கேட்பது ஒன்றே ஒன்று: காமிராவின் கண்ணிலே தீட்டு இருக்கிறதா, அல்லது அதை ஏந்தும் கையிலே இருக்கிறதா? செல்வரின் காமிரா சிறப்பு. மாணவனின் காமிரா மாசு! இது எந்த ஆகமம், தோழர்களே?

* * *

தேவதானம்! ஊரின் பெயரே ஒரு பாடம். கோயிலுக்கென வரி நீக்கி விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் தேவதானம் என்கின்றன. பார்ப்பனருக்கு விடப்பட்டது பிரமதேயம். சமண, பவுத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்டது பள்ளிச்சந்தம். இராசபாளையத்துக்குத் தெற்கே, மலையின் மடியிலே, வயல் சூழ்ந்து கிடக்கிற இந்த ஊருக்கு இந்தப் பெயர். இங்குள்ள ஈசனுக்கோ நச்சாடை தவிர்த்தவர் என்று பெயர். சோழன் நஞ்சு தோய்ந்த ஆடையை அனுப்பினானாம். அது பாண்டியனைக் கொல்லாமல் கடவுள் காத்தாராம். தலபுராணம் சொல்கிறது.

அரசனுக்கு வந்த ஆடையின் கதை ஊரறிந்தது. சரி. அந்த ஆடையை நெய்தவன் பெயர் எங்கே? அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவன் பெயர் எங்கே? தானம் தந்தவன் பெயர் நிலைத்தது. தானம் பெற்ற தேவன் பெயர் நிலைத்தது. அந்த நிலத்தை உழுதவன், அந்தக் கல்லைச் செதுக்கியவன், அவன் மட்டும் எங்கே மறைந்தான்?

அவன் மறையவில்லை. கல்லிலே நிற்கிறான். நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம்பாதவர்கள் தேவதானத்திலிருந்து கழுகுமலைக்குச் செல்லட்டும். தொலைவு அதிகமில்லை, சங்கரன்கோயில் வழியாகப் பேருந்தில் சென்று திரும்ப ஒரு பகற்பொழுது போதும். அங்கே 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் இருக்கிறது. கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியதன்று அது. மலைப்பாறையையே மேலிருந்து கீழாக வெட்டி, ஒரு கோயிலைப் பாறைக்குள்ளிருந்து வெளியே எடுத்திருக்கிறார்கள். பணி முடியாமலே நின்றுவிட்டது. முடிந்த மேற்பகுதியிலோ எத்தனை முகங்கள்! மத்தளம் வாசிக்கும் தென்முகக் கடவுள், பக்கத்திலே உமையோடு உரையாடும் சிவன், இடை ஒசிந்து நிற்கும் மகளிர். கடவுளர் என்று பெயரிட்டான். ஆனால் யாரைப் பார்த்துச் செதுக்கினான்? கயிலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தானா? கண்ணெதிரே மத்தளம் கொட்டிய கலைஞனின் விரலைப் பார்த்தான், கரிசல் காட்டு மங்கையின் கன்னத்தைப் பார்த்தான், செதுக்கினான். கடவுளின் முகம் என்று நாம் வணங்குவது, உற்றுப் பார்த்தால், உழைத்த தமிழரின் முகம்!

அதே மலையின் மறுபுறம் செல்லுங்கள். பாறைச் சுவர் நெடுகிலும் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள், வரிசை வரிசையாக. அவற்றின் கீழே வட்டெழுத்திலே ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள். என்ன சொல்கின்றன அவை? மன்னாதி மன்னன், மூவுலகும் ஆண்டான் என்றா? இல்லை. இன்ன ஊர், இன்னார் செய்வித்த திருமேனி என்று இரண்டொரு வரி. அந்த இன்னார் யார்? தச்சர் இருக்கிறார், கொல்லர் இருக்கிறார், குயவர் இருக்கிறார், உழவர் இருக்கிறார். பெண்கள் இருக்கிறார்கள்! குரத்தி என்று பெயர் சூடிய பெண் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். குரு என்பதற்குப் பெண்பால் குரத்தி. அந்தக் குரத்தியர்க்கு மாணாக்கர் இருந்தனர், ஆண்களும் உட்பட. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே, தென்பாண்டிச் சீமையிலே, பெண் ஆசிரியையாக அமர்ந்தாள். ஆண் மாணவனாக நின்றான். அதனைக் கல்லிலே வெட்டியும் வைத்தார்கள். பெண் படித்தால் குடி கெடும் என்று பின்னாளிலே பேசிய சனாதனிகள் எவரும் இந்தக் கல்லைப் படித்தவர்கள் அல்லர். படித்திருந்தால் மறைத்திருப்பார்கள்!

இந்த மலையின் அடிவாரத்துத் தெருவிலே பின்னர் நடந்தது என்ன? எந்தச் சாதியார் நடக்கலாம், எந்தச் சாதியார் நடக்கக் கூடாது என்ற தகராறிலே 1895ஆம் ஆண்டு உயிர்கள் பலியாயின. மலையின் மேலே குயவர் பெயர் கல்வெட்டிலே. மலையின் கீழே மனிதருக்கு வழியில்லை தெருவிலே! 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு வந்தது. மதுரையிலே நடந்தது, சென்னையிலே நடந்தது, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908இல் வந்த தீர்ப்பு, நுழைந்தது தவறு என்றது. கடல் கடந்து போய் அமர்ந்த நீதிபதிகளும் கருவறை வாயிலைக் காவல் காத்தார்கள்!

* * *

இப்போது காமிராவின் கதைக்கு வருவோம்.

1858ஆம் ஆண்டு. லின்னேயஸ் டிரைப் என்னும் வெள்ளைக்காரப் படை அதிகாரி, சென்னை அரசின் படப்பிடிப்பாளராக அமர்த்தப்பெற்று, மதுரைக்கும் தஞ்சைக்கும் திருச்சிக்கும் மாட்டு வண்டியிலே கருவிகளை ஏற்றிக்கொண்டு சென்றார். மதுரைக் கோயில் மண்டபங்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீள்படமாக ஆக்கினார். அருஞ்செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்! அந்த மதுரைக் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார் மக்களும் அடியெடுத்து வைத்த நாள் 1939ஆம் ஆண்டு சூலை 8. இடையிலே 81 ஆண்டுகள்! வெள்ளையனின் காமிராப் பெட்டிக்குத் திறந்த வாயில், இந்த மண்ணின் மைந்தனுக்கு 81 ஆண்டுகள் திறக்கவில்லை. இலண்டனிலே அமர்ந்திருந்தவன் படத்திலே பார்த்த தூணை, மதுரையிலே பிறந்தவன் நேரிலே பார்க்க முடியவில்லை!

ஆகவேதான் சொல்கிறோம், படம் எடுப்பது என்பது இங்கே வெறும் பொழுதுபோக்கு அல்ல. பார்க்கும் உரிமையின் மறுபெயர் அது. எவன் பார்க்கலாம், எவன் பார்க்கக் கூடாது என்று வகுத்த நாட்டிலே, எல்லோரும் பார்க்கலாம் என்று சொல்கிற கருவி அது.

அந்தக் கருவி என்ன செய்யும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று. 2024 டிசம்பரில், இந்த வட்டாரத்துத் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு இசையமைப்பாளர் இளையராசா வந்தார். அர்த்த மண்டபத்தின் வாயிற்படிக்கு வெளியே நின்று அவர் மரியாதை பெற்றுக்கொண்ட காட்சி நாடெங்கும் பரவியது. தம்மை யாரும் இழிவுபடுத்தவில்லை, தன்மானத்தைத் தாம் விட்டுக்கொடுப்பவர் அல்லர் என்று அவர் விளக்கினார். அந்த மண்டபத்துள் அருச்சகரும் சீயரும் போன்றோரன்றி எவரும் செல்லும் வழக்கமில்லை என்று அறநிலையத் துறை விளக்கியது. நல்லது, இரு விளக்கங்களையும் ஏற்றுக்கொள்வோம். ஆயினும் கேள்வி நிற்கிறதே! உலகறிந்த கலைஞன் உட்பட ஊரார் எவரும் தாண்டக் கூடாத ஒரு கோடு அங்கே இருக்கிறது. அருச்சகருக்கு மட்டும் அந்தக் கோடு இல்லை. அந்தக் கோட்டை நாட்டுக்குக் காட்டியது எது? ஒரு படம்!

* * *

“புனிதம் கெடும்” என்கிறார்கள். சாமியின் சக்தி படத்தின் வழியே வெளியேறிவிடுமாம்! வெளியேறும் சக்தியை நாம் கண்டதில்லை. சாமியே வெளியேறியதைக் கண்டிருக்கிறோம். கப்பலேறி வெளியேறியதைக் கண்டிருக்கிறோம்!

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து சோழர் காலத்து ஆடல்வல்லான் செப்புத் திருமேனி களவு போயிற்று. 2008இல் ஆசுதிரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் அதனை 50 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க்கிலே கடை விரித்திருந்த சுபாசு கபூர். எந்தச் சக்தி அந்தத் திருடனின் கையைப் பிடித்தது? எந்த மந்திரம் அந்தப் பெட்டியை ஆணியறைய விடாமல் தடுத்தது? மந்திரம் அல்ல, தோழர்களே, நிழற்படம்! புதுச்சேரியிலே 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1956 முதல் தமிழகத்துக் கோயில் கோயிலாகச் சென்று எடுத்து வைத்த படங்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். இது எங்கள் ஊர்ச் சிலை, இன்ன கோயிலில் இருந்தது என்று எடுத்துக்காட்ட அந்தப் படங்களே வாய்திறந்தன. 2014 செப்டம்பரில் சிலை திரும்பியது. 2011இல் செருமனியில் பிடிபட்டு, 2012இல் இங்கே கொண்டுவரப்பட்ட கபூருக்கு, மற்றொரு சிலைத் திருட்டு வழக்கில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது.

ஆக, சாமியைக் காத்தது காமிரா! கைகூப்பிய பக்தனால் காக்க முடியாததை, கணக்கெழுதி வைத்த அறிஞன் காத்தான். படமெடுக்கப்பட்ட சிலை திரும்பி வருகிறது. படமெடுக்கப்படாத சிலை, களவு போன பின்னர், தான் இன்ன ஊர் என்று சொல்ல நாக்கின்றி எங்கோ ஒரு செல்வன் வீட்டுக் கூடத்திலே நிற்கிறது. படம் எடுக்காதே என்ற பலகை யாருக்குக் காவல்? கடவுளுக்கா, கள்வனுக்கா?

இது நம் நாட்டுக் கதை மட்டுமா? கம்போடியாவைப் பாருங்கள். அங்கோர் தோம் நகரின் நடுவிலே பாயோன் கோயில். 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஏழாம் செயவர்மன் எழுப்பியது. கோபுரந்தோறும் நான்கு திசை நோக்கிய கல்முகங்கள், ஏறத்தாழ 200. கண்ணை மெல்ல மூடி, இதழோரம் புன்னகைக்கும் முகங்கள். 1866ஆம் ஆண்டே அங்கோர் இடிபாடுகளுக்குள் காமிரா சென்றது. இன்றோ நாளெல்லாம் ஆயிரமாயிரம் பயணிகள் அந்த முகங்களைப் படம் எடுக்கிறார்கள். முகங்களின் புன்னகை குறைந்துவிடவில்லை!

குறைத்தவர்கள் வேறு. 1923இல் பாந்தேய் சிரேய் கோயிலின் சிற்பங்களை அறுத்தெடுத்துக் கொண்டுபோகையில் பிடிபட்டார் ஓர் இளைஞர். பெயர் அந்திரே மால்ரோ. பின்னாளிலே அவர் பிரெஞ்சு நாட்டின் பண்பாட்டு அமைச்சர்! டக்லசு லாட்சுபோர்டு என்ற வணிகர், கம்போடியச் சிற்பங்களைப் பற்றிப் பளபளக்கும் படநூல்களை வெளியிட்டுப் பெரிய அறிஞராகவே உலவினார். 2019இல் நியூயார்க்கில் அவர்மீது கடத்தல் குற்றச்சாட்டு எழுந்தது. 2020இல் அவர் இறந்தார். சிலைகளைத் தேடிய கம்போடியர்கள் அவருடைய நூல்களின் படங்களையே தடயமாகக் கொண்டார்கள். 2023 டிசம்பரில் நியூயார்க் பெருநகர அருங்காட்சியகம் 14 கம்போடியச் சிற்பங்களைத் திருப்பித் தர இசைந்தது. கள்வன் பெருமைக்கு அச்சிட்ட படம், கள்வனுக்கே எதிர்ச்சான்று!

கம்போடியா என்றதும் நம்மவர் சிலர் மார்பு தட்டுகிறார்கள். அதைக் கட்டியது தமிழனே என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி பறக்கிறது. பகுத்தறிவாளர் என்று பெயர் சூட்டிக்கொண்ட நாம் இதற்குத் தலையாட்டலாமா? அங்கோர் வாட்டைக் கட்டியவன் கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன். கல் சுமந்தவர்கள் கெமர் உழவர்கள். கெமர் எழுத்து, பல்லவர் கால எழுத்தின் வழிவந்தது. அது மெய், அதைச் சொல்லுங்கள். அதற்கு மேலே அளப்பது பொய், அதை விடுங்கள். பார்ப்பனப் புராணத்தைக் கிழித்துவிட்டுத் தமிழ்ப் புராணம் ஒன்றைத் தைத்து உடுத்திக்கொள்வது பகுத்தறிவு ஆகாது. நம் தச்சன் பெயரை வேறொருவன் அபகரித்தால் நமக்கு வலிக்கிறதே, கெமர்த் தச்சனின் பெயரை நாம் அபகரித்தால் அவனுக்கு வலிக்காதா?

* * *

இனி, நம் தோழர்கள் பக்கம் திரும்புவோம். நம்மவரே கேட்கிறார்கள்: “கடவுளை மறுக்கிற நமக்குக் கோயிலிலே என்ன வேலை? சிலை இருந்தால் என்ன, போனால் என்ன?”

தவறு, தோழர்களே! பெருந்தவறு! உழவன் விளைத்த நெல் பண்ணையாரின் களஞ்சியத்திலே கிடக்கிறது என்பதற்காக, நெல்லே வேண்டாம் என்போமா? களஞ்சியத்தைத் திற என்போம். கோயிலும் அப்படியே. அங்கே கொட்டிக் கிடப்பது நம் பாட்டன் உழைப்பு. கிருட்டிணாபுரத்துத் தூண்களைப் பார்த்தவர் அறிவர்: அரசகுமாரியைத் தோளிலே தூக்கிச் செல்கிறான் ஒரு குறவன், அரசகுமாரனைச் சுமந்து செல்கிறாள் ஒரு குறத்தி. கல்லிலே குறவன் உண்டு, உள்ளே. உயிரோடு குறவன் நின்றான், வெளியே! அந்தக் கல்லை நாம் கைவிட்டால், அதற்கு விளக்கம் சொல்லும் உரிமையும் மாற்றானுக்கே போகும். அவன் புராணம் எழுதுவான். நாம் வரலாறு எழுத வேண்டாவா?

மறுபுறம், எல்லாத் தடையும் மடமை என்றும் நாம் சொல்லவில்லை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர்க் கோயில் வழக்கிலே, தமிழகக் கோயில்களில் கைப்பேசித் தடையை நடைமுறைப்படுத்தச் சொன்னது. வழிபட வந்தவர் அமைதி குலையக் கூடாது, பெண்களை அறியாமற் படமெடுக்கும் கயவருக்கு இடந்தரக் கூடாது என்றால், நியாயம், ஏற்போம். ஆயின் வழிபடும் நேரத்துக் கூட்டம் வேறு. ஆளற்ற மண்டபத்துத் தூண் வேறு. கருவறை வேறு, மதிற்சுவரின் கல்வெட்டு வேறு. இரண்டையும் ஒரே பலகையால் மூடுவது, கொசுவுக்கு அஞ்சிச் சாளரத்தையே சுவராக்குவது! நடுவணரசின் தொல்லியல் துறையே 2018இல், அசந்தா, தாசுமகாலின் உட்கல்லறை போன்ற சில இடங்கள் நீங்கலாகத் தன் நினைவுச் சின்னங்களில் படமெடுக்க வழிவிட்டது. அங்கே வானம் இடிந்து விழவில்லையே!

நாம் கேட்பவை பெரியவை அல்ல. மண்டபங்களையும் தூண்களையும் கல்வெட்டுகளையும் படமெடுக்க, கூட்டமில்லாத ஒரு நேரத்தை ஒவ்வொரு கோயிலும் ஒதுக்கட்டும். செல்வருக்கு ஒரு விதி, மாணவருக்கு ஒரு விதி என்பது ஒழியட்டும். அறநிலையத் துறை தன் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு சிலையையும் தூணையும் தானே படமெடுத்து, ஊர்ப்பெயரோடு, கல்வெட்டின் வாசகத்தோடு, மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். வெள்ளையடிப்பதற்கும் திருப்பணி தொடங்குவதற்கும் முன்னரும் பின்னரும் படமெடுத்தே தீரவேண்டும் என்று ஆணையிடட்டும். திருப்பணி என்ற பெயரிலே மணலை வீசித் தேய்த்து மூக்கிழந்த முகங்கள் எத்தனை, பூச்சு மூடிய எழுத்துகள் எத்தனை! முன்னைப் படம் இருந்தாலன்றோ பின்னைக் குற்றம் தெரியும்?

உங்களிடமும் சில கேட்கிறோம். கழுகுமலைக்குச் செல்லுங்கள். திருவில்லிபுத்தூர் அருகேயுள்ள மூவரைவென்றான் குடைவரைக்குச் செல்லுங்கள். ஆனால் உங்கள் முகத்தை முன்னே நீட்டி, கல்முகத்தைப் பின்னே தள்ளிப் படமெடுப்பதற்காக மட்டும் செல்லாதீர்கள். சிற்பத்தின் முன்புறத்தை எடுங்கள், பக்கங்களை எடுங்கள், அடியிலுள்ள எழுத்தை எடுங்கள். அளவு தெரிய ஓர் அடிக்கோலை அருகில் வையுங்கள். நாளையும் ஊரையும் குறியுங்கள். எழுத்துத் தெரியவில்லையென்று சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள். சாய்ந்து விழும் காலை ஒளிக்குக் காத்திருங்கள். சிற்பத்தின்மீது ஏறாதீர்கள். சமணர் படுக்கைகளிலே காதலியின் பெயரைக் கீறுகிறவன், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய குயவனின் பெயரை அழிக்கிறான் என்பதை உணருங்கள், உணராதவனுக்கு உணர்த்துங்கள்.

எடுத்த படத்தைத் தேவதானத்துத் தெருவுக்குக் கொண்டு வாருங்கள். வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி, இரவிலே காட்டுங்கள். காவற்காரப் பெரியவரையும் அழையுங்கள்; முன்வரிசையிலே நாற்காலி போடுங்கள். “ஐயா, இது குரத்தி, பாடம் சொன்ன பெண். இது குயவர் செய்வித்த சிலை. இந்தக் கல்லைச் செதுக்கியவர் உம்மையும் எம்மையும் போன்றவர்” என்று சொல்லுங்கள். அவர் சினம் தணியும். அடுத்த முறை அவரே விளக்குப் பிடிப்பார்!

தேவனுக்குத் தானமாகப் போன நிலத்தின் பெயர் தேவதானம். அந்தத் தானத்துக்குப் பின்னே மறைந்த மனிதனின் முகத்தை மீட்டுத் தருவது நம் கடன். கல்லிலே அவன் காத்திருக்கிறான். கண்ணைத் திறவுங்கள், காமிராவையும் திறவுங்கள்!